ஷெட்டுக்கு வந்தால் மறையும் கோளாறு

மே மாத நடுப்பகல். அம்மாவை விழுப்புரத்தில் சித்தி வீட்டில் விட்டு வரலாம் என்று சென்னையிலிருந்து கிளம்பியிருந்தேன். திண்டிவனத்தை நெருங்கும்போது சாலையோரக் கடை ஒன்றில் காரை நிறுத்தினேன். அம்மாவுக்கு டீ, எனக்கு மோர். 15 நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். அதே சுற்றல், அதே மௌனம். பேட்டரி தெம்பாக இருந்தது. டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. காலையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் முகம் சுளிக்காமல் ஓடிவந்த வண்டி அது.

அம்மாவை வேப்பமரத்தடியில் கடைக்காரர் போட்ட ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் தவித்தேன். வேறு வழி தெரியாமல் கடைசியாக ஒருமுறை சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. விழுப்புரம் போய், மறுநாள் சென்னை திரும்பும்வரை ஒரு தொந்தரவும் இல்லை.

அடுத்த 2 மாதங்களில் இதுவே 5 முறை நடந்தது. 3 முறை சர்வீஸ் சென்டருக்குப் போனேன். முதல் முறை பேட்டரி முனைகளைத் துடைத்து, ஜெனரல் சர்வீஸ் செய்து, தண்ணீர் விட்டுக் கழுவித் தந்தார்கள். இரண்டாம் முறை ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். மூன்றாம் முறை ஒரு நாள் முழுக்க வைத்திருந்துவிட்டு, "செக் பண்ணிட்டோம் மேடம், வண்டி நல்லாத்தான் இருக்கு. எங்ககிட்ட ஒரு தடவைகூட நிக்கலையே" என்றார் சர்வீஸ் அட்வைசர். ஜாப் கார்டில் 'கோளாறு காணப்படவில்லை' என்று ஒரு வரி. பில் மட்டும் மூன்று முறையும் வந்தது.

அவர் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. சாலையில் நிற்கும் வண்டி ஷெட்டுக்குள் நுழைந்ததும் எப்படி நல்ல பிள்ளையாகிறது? சின்னக் கார் வைத்திருக்கும் எத்தனையோ குடும்பங்களைப் படுத்தும் இந்தக் கேள்விக்குள் நல்ல இயற்பியல் பாடம் ஒன்று இருக்கிறது.

நேரம் பார்த்து வரும் கோளாறு

உடைந்த கண்ணாடி எப்போது பார்த்தாலும் உடைந்துதான் இருக்கும். பஞ்சரான டயரும் அப்படித்தான். இவற்றைக் கண்டுபிடிக்கக் கண் போதும். இன்னொரு வகைக் கோளாறு சில சூழ்நிலைகள் ஒன்றுகூடும்போது மட்டும் நடக்கும். வெப்பம், அதிர்வு, ஈரம், வேகம் என்று அதற்கு ஒரு சேர்க்கை வேண்டும். சேர்க்கை கலைந்ததும் கோளாறும் கலைந்துவிடும்.

விமானத் துறை இதைப் பல காலமாக அறியும். பறக்கும்போது ஒரு கருவி மக்கர் செய்ததாக விமானி எழுதிக் கொடுப்பார். தரையிறங்கியதும் கருவியைக் கழற்றிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அது எல்லாத் தேர்விலும் தேறிவிடும். 'கோளாறு காணப்படவில்லை' என்ற சீட்டோடு இன்னொரு விமானத்தில் ஏறும். அங்கேயும் மக்கர் செய்யும். பரிசோதனைக் கூடத்தின் மேசையில் அதிர்வு இல்லை, பனி இல்லை, ஏறி இறங்கும் வெப்பம் இல்லை. கோளாறுக்கு வேண்டிய எல்லாவற்றையும் வெளியே நிறுத்திவிட்டு உள்ளே கோளாறைத் தேடுகிறோம்.

சர்வீஸ் சென்டரும் அப்படி ஓர் இடம்தான். காலையில் காரை விடுகிறோம். ஷெட்டின் நிழலில் அது சில மணி நேரம் ஆறுகிறது. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறார்கள். 100 கிலோமீட்டர் வெயிலில் ஓடி, பிறகு 15 நிமிடம் நின்று, அதற்குப் பின் சாவி திருப்புவது என்ற வரிசை அங்கே ஒருநாளும் நடப்பதில்லை. அந்த வரிசையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க, பானெட்டைத் திறந்து விரல் அளவுள்ள ஒரு பாகத்துக்குப் போக வேண்டும்.

58 பல், 2 பல் இடைவெளி

பெட்ரோல் என்ஜினுக்குள் பிஸ்டன் எந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்பது தெரிந்தால்தான், எப்போது பெட்ரோலைத் தெளிப்பது, எப்போது தீப்பொறி கொடுப்பது என்று காரின் கணினி முடிவெடுக்க முடியும். பிஸ்டன்கள் எல்லாம் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டைச் சுழற்றுகின்றன. அந்தத் தண்டோடு ஒரு பல்சக்கரம் சேர்ந்து சுழல்கிறது. பல கார்களில் அந்தச் சக்கரத்தில் 60 பற்களுக்கு இடம் உண்டு. ஆனால் 58 பல்தான் இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் 2 பல்லை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள்.

சக்கரத்தின் அருகே அசையாமல் நிற்பது கிராங்க் சென்சார். என் காரில் இருந்த வகை மிக எளிமையானது: ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியைப் போல மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். இரும்புப் பல் ஒன்று முன்னால் கடக்கும்போது காந்தப்புலம் சற்றே மாறுகிறது. மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்னழுத்தத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தார். அந்த விதிதான் இங்கே ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு துடிப்பைத் தருகிறது. துடிப்பு, துடிப்பு, துடிப்பு என்று 58 வந்ததும் ஒரு சின்ன இடைவெளி. கணினி அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து எண்ணத் தொடங்கும். ஒரு பல் கடந்தால் தண்டு 6 டிகிரி திரும்பியிருக்கிறது என்று கணக்கு.

இதில் ஓர் அழகான எண் பொருத்தம் இருக்கிறது. சுற்றுக்கு 60 இடம், நிமிடத்துக்கு 60 நொடி. இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வதால், என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ, நொடிக்கு அத்தனை பல்லிடங்கள் சென்சாரைக் கடக்கும். சிக்னலில் நிற்கும்போது 800 சுற்று என்றால் நொடிக்கு 800. நெடுஞ்சாலையில் 3,000 சுற்று என்றால் நொடிக்கு 3,000. நாம் பாட்டுக் கேட்டபடி ஓட்டிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் இந்தச் சிறு சுருள் ஓயாமல் எண்ணிச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அது வாயை மூடினால் கணினிக்குக் கண் தெரியாது. பெட்ரோலும் வராது, பொறியும் வராது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த வகைச் சென்சாரில் பல் எவ்வளவு வேகமாகக் கடக்கிறதோ அவ்வளவு பலமாகத் துடிப்பு வரும். ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினை நிமிடத்துக்குச் சுமார் 200 முறைதான் சுழற்றுகிறது. சும்மா நிற்கும்போது உள்ள வேகத்தில் அது கால் பங்கு. ஆக, சாவி திருப்பும் நேரத்தில்தான் சென்சாரின் குரல் மிக மெலிந்திருக்கும். நலிந்த சென்சார் ஓடும்போது எப்படியோ சமாளித்துவிடும், ஸ்டார்ட் செய்யும்போது தோற்றுவிடும்.

நின்ற பிறகு ஏறும் சூடு

நிறுத்திய கார் ஆறத் தொடங்கும் என்றுதான் நாம் நினைப்போம். முதல் அரை மணி நேரம் நடப்பது வேறு. ஓடும்போது குளிர்நீர் சுற்றிக்கொண்டிருக்கிறது, ரேடியேட்டர் வழியே காற்று புகுந்து வெளியேறுகிறது. சாவியை அணைத்ததும் தண்ணீர் பம்ப் நிற்கிறது, காற்றோட்டமும் நிற்கிறது. என்ஜினின் உட்புற இரும்பிலும் அலுமினியத்திலும் தேங்கியிருக்கும் வெப்பம் மட்டும் எங்கும் போகாமல் மெல்ல வெளியே பரவுகிறது. அதனால் என்ஜினை ஒட்டியிருக்கும் சில பாகங்கள் ஓடும்போது இருந்ததைவிட நின்ற பிறகுதான் அதிகம் சூடாகின்றன. டீ குடிக்க எடுத்துக்கொள்ளும் அந்த 10, 15 நிமிடம்தான் அவற்றுக்கு உச்ச வெயில்.

அந்தச் சூட்டில் சென்சாருக்குள் என்ன நடக்கிறது? செம்பு சூடானால் அதன் மின்தடை டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் கூடும். 80 டிகிரி ஏறினால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தடை உயர்ந்துவிடும். நல்ல சென்சார் இதைத் தாங்கும். பெரிய தொல்லை விரிவடைவதில் இருக்கிறது. 1 மீட்டர் செப்புக் கம்பி 60 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளும். கம்பியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் அதைப் போல 3 மடங்கோ அதற்கும் மேலோ நீளப் பார்க்கும். ஒருவரோடொருவர் ஒட்டியிருக்கும் இருவர் வெவ்வேறு தூரம் நடந்தால் இடையில் இழுபறிதான். ஆயிரக்கணக்கான முறை சூடாகி ஆறியதில் கம்பியில் ஓரிடத்தில் மயிரிழை வெடிப்பு விழுகிறது. ஆறியிருக்கும்போது வெடிப்பின் இரு முனைகளும் தொட்டுக்கொண்டிருக்கும். சூடானதும் பிளாஸ்டிக் இழுத்து அவற்றைப் பிரித்துவிடும். முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் திரும்பவும் தொட்டுக்கொள்ளும்.

வேப்பமர நிழலில் நாங்கள் காத்திருந்த நேரத்தில் பானெட்டுக்குள் நடந்தது இதுதான். கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி மெல்ல மூடிக்கொண்டிருந்தது.

கழற்றி மாட்டினால் சரியாகும் மர்மம்

"கனெக்டரைக் கழற்றி மாட்டினேன் சார், சரியாயிடுச்சு" என்று மெக்கானிக்குகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது கைராசி அல்ல, இதற்கும் காரணம் உண்டு.

இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருப்பதாக நமக்குத் தெரிகிறதே, உண்மையில் அவை மிகச் சில புள்ளிகளில்தான் தொடுகின்றன. எவ்வளவு வழவழப்பாகத் தேய்த்தாலும் நுண்ணளவில் உலோகத்தின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். மேடுகள் மட்டும் ஒன்றையொன்று முட்டும், மின்சாரம் அந்தச் சில முனைகள் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போகும். ஸ்வீடனில் பிறந்த இயற்பியலாளர் ராக்னர் ஹோல்ம் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தத் தொடுபுள்ளிகளை ஆராய்வதில் செலவிட்டார். மின் தொடர்புகள் பற்றிய இன்றைய அறிவுக்கு அவர் வேலைதான் அடித்தளம்.

காரின் கனெக்டர்களில் பெரும்பாலும் வெள்ளீய முலாம் பூசியிருப்பார்கள். சாலையின் அதிர்வாலும் வெப்பம் ஏறி இறங்குவதாலும் ஊசியும் துளையும் மைக்ரோமீட்டர் கணக்கில் உரசிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு உரசலிலும் புதிய வெள்ளீயம் வெளியே வந்து காற்றுப்பட்டு ஆக்சைடாகிறது. அந்தத் தூள் அங்கேயே சேர்ந்து, மின்சாரம் கடக்கும் முனைகளை ஒவ்வொன்றாக மூடுகிறது. கனெக்டரை இழுத்து மீண்டும் செருகும்போது ஊசி முழு நீளத்துக்கும் உரசித் தூளைத் துடைத்துவிடுகிறது. தொடர்பு புதிதுபோல் ஆகிவிடும். சோதிப்பதற்காகக் கழற்றியதே தற்காலிக வைத்தியமாகிவிடுவதால், மீட்டரை வைக்கும்போது அளக்க ஒன்றும் மிச்சமிருக்காது. சில வாரங்களில் தூள் மறுபடி சேரும், வண்டி மறுபடி நிற்கும்.

சின்னத் தடை எவ்வளவு பெரிய வித்தையைக் காட்டும் என்பதற்கு ஒரு கணக்கு. சின்னக் காரின் ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். பேட்டரி முனையில் வெறும் 0.01 ஓம் தடை சேர்ந்தால், அந்த ஓரிடத்தில் மட்டும் 1.5 வோல்ட் தொலைந்துபோகும். சாதாரண மல்டிமீட்டரில் 0.01 ஓமைப் பார்க்கவே முடியாது. விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், பாட்டுப் பாடும். ஸ்டார்ட்டர் மட்டும் திணறும். மின்சாரம் பாயும்போது அந்த முனையில் 225 வாட் வெப்பம் பிறக்கும். தொட்டுப் பார்த்தால் கை சுடும். அனுபவமுள்ள மெக்கானிக் மீட்டரை எடுக்கும் முன் விரலை வைத்துப் பார்ப்பது அதனால்தான்.

காரின் நினைவும் அதன் எல்லையும்

"ஸ்கேனர் போட்டுப் பார்த்தோம், ஒரு கோடும் வரலை" என்றும் எனக்குச் சொல்லப்பட்டது. கோளாறைக் கார் தானே குறித்துவைக்க வேண்டும் என்ற ஏற்பாடு கலிபோர்னியாவின் காற்று மாசுக் கட்டுப்பாட்டிலிருந்து வளர்ந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரியான 16 ஊசிச் சாக்கெட் கட்டாயமானது. நம் ஊர்க் கார்களிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால் அது இருக்கும். குறியீடுகளுக்கும் பொது மொழி உண்டு. பி0335 என்றால், 'பி' என்ஜினும் கியரும் சேர்ந்த இயக்கப் பகுதியைச் சொல்கிறது, '0' எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது என்பதை, '3' பற்றவைப்புத் தொடர்பானது என்பதை. முழுதாகப் படித்தால் கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் பிழை என்று பொருள். பிழை பதிவான கணத்தில் என்ஜின் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு, சுமை எவ்வளவு என்பதையும் ஒரு புகைப்படம்போல் சேமிக்கும் வசதி உண்டு.

இவ்வளவு இருந்தும் ஏன் என் காரில் ஒன்றும் பதியவில்லை? கணினி தன் கண்ணால்தான் உலகைப் பார்க்கிறது. சாவி திருப்பும்போது கிராங்க் சென்சாரிலிருந்து ஒரு துடிப்பும் வராவிட்டால், சில கார்களின் கணினி 'என்ஜின் சுற்றவே இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். சுற்றாத என்ஜினில் துடிப்பு வராதது பிழை இல்லையே! அதனால் ஒன்றையும் எழுதாது. வேறு பல பிழைகளை இரண்டு முறை தொடர்ந்து நடந்தால்தான் உறுதியாக எழுதும்படி வைத்திருப்பார்கள். பேட்டரியைக் கழற்றினால் எழுதியதும் பல கார்களில் அழிந்துவிடும். என் வண்டியில் முதல் முறையே பேட்டரி முனைகளைக் கழற்றித்தான் துடைத்தார்கள்.

பட்டறையின் தரப்பையும் சொல்ல வேண்டும். ஒரு வேலைக்கு இத்தனை நேரம் என்று கணக்கிட்டுக் கூலி தரும் முறையில், கோளாறு தலைகாட்டும்வரை காத்திருக்கும் மணி நேரங்களுக்குக் கூலி கிடையாது. வாரண்டியில் பாகம் மாற்ற வேண்டுமானால் பாகம் கெட்டிருப்பதற்கு ஆதாரம் வேண்டும். தலைகாட்டாத கோளாறுக்கு ஜாப் கார்டில் கட்டமே இல்லை. உழைக்கும் தொழிலாளியைக் குறைசொல்லி இது தீராது. உரிமையாளர் சொல்வதைத் தகவலாக ஏற்கும் கட்டம் ஒன்று அந்தச் சீட்டில் வேண்டும். அந்தக் கட்டம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஒரு சின்னக் கார் உலகுக்குக் காட்டியது.

1.6 மில்லிமீட்டர்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவர்லே கோபால்ட், 2005 மாடலாக வந்த விலை குறைந்த சிறிய கார். ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துவிடுகிறது என்ற புகார் தொடக்கத்திலேயே வந்தது. 2005இல் பத்திரிகைகளிலும் எழுதினார்கள். சாவிக்கொத்தில் முழங்கால் பட்டால்கூட அணைந்தது.

சாவியைத் திருப்பும்போது 'டக், டக்' என்று ஒவ்வொரு நிலையிலும் தங்குகிறதே, அந்தத் தங்கலைத் தருவது சாவி ஸ்விட்சுக்குள் இருக்கும் ஒரு சிறிய சுருள்வில்லும் அது தள்ளும் முளையும்தான். முளை ஒரு குழியில் விழுந்து நிற்கும். அதைக் குழியிலிருந்து கிளப்ப ஒரு குறிப்பிட்ட முறுக்கு விசை வேண்டும். கோபால்டின் ஸ்விட்சுக்கு நிர்ணயித்திருந்த குறைந்தபட்ச அளவு 15 நியூட்டன்-சென்டிமீட்டர். தயாராகி வந்த ஸ்விட்சுகள் அந்த அளவை எட்டவில்லை.

எண்ணிப் பாருங்கள். 200 கிராம் எடையுள்ள சாவிக்கொத்து, திருகும் மையத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கினால் சும்மாவே ஏறத்தாழ 6 நியூட்டன்-சென்டிமீட்டர் முறுக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும் கணத்தில் கொத்து துள்ளி விழ, அந்த விசை 2, 3 மடங்காகும். பலவீனமான முளை வழிவிட்டுவிடும். சாவி 'ஆக்ஸசரி' நிலைக்கு நழுவும். என்ஜின் அணையும், ஸ்டியரிங்குக்குத் துணை செய்யும் மோட்டார் நிற்கும், ஏர்பேக்குக்கு மின்சாரம் போகாது. விபத்து நேரும் அந்த நொடியில் ஏர்பேக் விரியாது.

நிறுவனத்துக்குள் இந்த அணைதலை வாடிக்கையாளரின் 'வசதி' சார்ந்த பிரச்சினை என்று வகைப்படுத்தியிருந்தார்கள், பாதுகாப்புப் பிரச்சினை என்று அல்ல. 2005 டிசம்பரில் டீலர்களுக்கு ஓர் அறிவுரை போனது: சாவிக்கொத்தில் கனமானவற்றைக் கழற்றச் சொல்லுங்கள், கேட்பவர்களுக்குச் சாவியின் நீளத் துளையைச் சிறிய வட்டத் துளையாக்கும் ஒரு செருகலைக் கொடுங்கள். கொத்து பக்கவாட்டில் நகரும் தூரம் குறைந்தால் முறுக்கும் குறையும் என்பது சரியான இயற்பியல்தான். ஸ்விட்ச் மட்டும் அப்படியே இருந்தது. 2006 அக்டோபரில் விஸ்கான்சினில் நடந்த கோபால்ட் விபத்தை ஆராய்ந்த மாநிலக் காவல்துறை, சாவி நழுவியதையும் ஏர்பேக் விரியாததையும் 2007லேயே ஓர் அறிக்கையில் சேர்த்துச் சொன்னது.

2010 மார்ச்சில் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் இளம் செவிலியர் தன் கோபால்ட் ஓடும்போது அணைந்துவிட்டது என்று டீலரிடம் கொண்டுபோய் விட்டார். எரிபொருள் பாதையைச் சுத்தம் செய்து திருப்பித் தந்தார்கள். சில நாட்களுக்குள், அவருடைய 29ஆவது பிறந்தநாளன்று, மழைச் சாலையில் கார் கட்டுப்பாட்டை இழந்து எதிரே வந்த வண்டியில் மோதியது. அவர் இறந்துபோனார். மோதலுக்குச் சில நொடிகள் முன்பே சாவி 'ஆக்ஸசரி' நிலைக்குப் போய்விட்டதைக் காரின் பதிவுக் கருவி காட்டியது.

பெற்றோர் விடவில்லை. அவர்களுடைய வழக்கறிஞர் அமர்த்திய பொறியாளர் ஒருவர், கடையில் 30 டாலருக்குப் புதிய ஸ்விட்ச் ஒன்றை வாங்கி வந்து பழையதன் பக்கத்தில் வைத்துப் பிரித்தார். இரண்டிலும் ஒரே பாக எண். ஆனால் புதியதில் முளை 1.6 மில்லிமீட்டர் நீளமாக இருந்தது, வில்லும் இறுக்கமாக இருந்தது, சாவியைத் திருப்பக் கூடுதல் விசை வேண்டியிருந்தது. 2006இலேயே பாகத்தைத் திருத்தியிருக்கிறார்கள், எண்ணை மட்டும் மாற்றவில்லை. எண் மாறாததால் பழையது எது, புதியது எது என்று யாருக்கும் தெரியவில்லை.

2014 பிப்ரவரியில்தான் கார்களைத் திரும்பப் பெறத் தொடங்கினார்கள். எண்ணிக்கை சுமார் 26 லட்சம் ஆயிற்று. இந்தக் குறைபாட்டால் 124 பேர் இறந்ததாக இழப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. 2015இல் நிறுவனம் 90 கோடி டாலர் கட்டி அரசுடன் வழக்கை முடித்துக்கொண்டது. "ஓடும்போது அணைந்துவிடுகிறது" என்று எத்தனையோ உரிமையாளர்கள் சொன்ன ஒற்றை வாக்கியம், அந்த 1.6 மில்லிமீட்டரைப் பற்றிய சரியான அளவீடு. அளந்து சொன்னவர்களிடம் மீட்டர் இல்லை என்பதால் யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஹேர் டிரையர்

என் காரின் கோளாறைக் கண்டுபிடித்தது, வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, புங்கமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு வயதான மெக்கானிக். பானெட்டைத் திறக்கும் முன் அவர் கேள்வி கேட்டார்.

"ஓடும்போது நிக்குதாம்மா, நிறுத்திட்டு எடுக்கும்போதா?"

"நிறுத்திட்டு எடுக்கும்போதுதாண்ணே."

"எவ்வளவு நேரம் நிறுத்துவ?"

"பத்து, பதினஞ்சு நிமிஷம்."

"காலையில என்னைக்காவது இப்படி ஆயிருக்கா?"

"இல்லண்ணே. எப்பவும் மத்தியானம்தான்."

"ஸ்டார்ட்டர் சுத்தும்போது ஆர்பிஎம் முள்ளு லேசா எழும்புதா, இல்ல அப்படியே கிடக்குதா?"

யோசித்துப் பார்த்தேன். அசைந்ததாக நினைவில்லை. அவர் தலையாட்டினார். அந்த முள்ளுக்குக் கணக்குச் சொல்வதே கிராங்க் சென்சார்தான். முள் அசையவில்லை என்றால் சென்சார் பேசவில்லை.

சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். 840 ஓம் காட்டியது. நல்ல அளவு. இதையேதான் சர்வீஸ் சென்டரிலும் பார்த்திருப்பார்கள். பிறகு தன் மகளுடைய ஹேர் டிரையரை வாங்கிவரச் சொல்லி, சென்சாரைப் பழந்துணியில் பிடித்துக்கொண்டு சூடுகாட்டினார். 860, 900, 950 என்று எண் மெதுவாக ஏறியது. செம்பு சூடாகிறது. 1,000ஐத் தாண்டிய சற்று நேரத்தில் எண் சட்டென்று மறைந்தது. திரையில் ஒற்றைக் கோடு. கம்பி அறுந்துவிட்டது என்று பொருள். டிரையரை அணைத்துவிட்டுச் சென்சாரைத் திண்ணையில் வைத்தார். இருவரும் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சில நிமிடங்களில் எண் திரும்பி வந்தது.

"திண்டிவனத்துல உனக்கு நடந்தது இதாம்மா" என்றார்.

புகாரை அளவாக்குவோம்

அவரிடம் நான் கற்றது ஒன்று: கோளாறு எப்போது வருகிறது என்பதே பாதி நோயறிதல். அதைச் சொல்லக்கூடியவர் வண்டியோடு இருப்பவர் மட்டும்தான். "அடிக்கடி நின்னுபோகுது" என்று சொன்னால் பட்டறைக்கு அதில் ஒன்றும் இல்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு, எவ்வளவு நேரம் நிறுத்திய பிறகு, வெயிலா மழையா, ஏசி ஓடியதா, பெட்ரோல் எவ்வளவு இருந்தது, எந்த விளக்கு எரிந்தது, எவ்வளவு நேரத்தில் சரியானது என்று ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதினால் அது அளவீடாகிறது. நிற்கும் கணத்தில் மீட்டர் பலகையைச் செல்போனில் படம் பிடித்தால் இன்னும் நல்லது. ஜாப் கார்டில் நாம் சொன்ன வார்த்தைகளையே எழுதச் சொல்லிக் கேட்கலாம். பேட்டரியைக் கழற்றும் முன் ஸ்கேனரை மாட்டச் சொல்லலாம், பதிவுகளை அழிக்கும் முன் நகல் கேட்கலாம். மாற்றிய பாகத்தைத் திருப்பிக் கேட்கலாம். கோளாறு வரும் நேரத்தில் டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக்காட்டலாம்.

சட்டமும் புகாரை எண்ணத் தொடங்கியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஒரே மாடலைப் பற்றி ஒரே குறையைச் சொல்லும் புகார்கள் விற்ற வண்டிகளில் எத்தனை சதவீதம் என்பதுதான் அங்கே அடிப்படைக் கணக்கு. சர்வீஸில் ஏமாற்றப்பட்டதாகக் கருதுபவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 'நம்ம ஒருத்தர் சொல்லி என்ன ஆகப்போகுது' என்று விட்டுவிடும் ஒவ்வொருவரும் அந்தக் கணக்கில் ஒரு புள்ளியைக் குறைத்துவிடுகிறோம்.

புதிய சென்சார் போட்டபின் இரண்டு கோடைகள் கடந்துவிட்டன. திண்டிவனத்துக் கடையில் அதே மதிய வெயிலில் நிறுத்தி, அம்மா டீயை முடித்து, ஒவ்வொரு முறையும் ஒரே திருப்பில் கிளம்பியிருக்கிறோம். பழைய சென்சாரை நான் தூக்கிப்போடவில்லை. என் மேசையில் பேனா டப்பாவின் பக்கத்தில் இருக்கிறது. இதை எழுதும் முன் மல்டிமீட்டரை எடுத்து அதன் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தேன். 840 ஓம்.